பின்னாலிருந்து கூப்பிட்டவள்

எங்கள் படகுத்துறையில் லைஃப் ஜாக்கெட் என் பொறுப்பாக இருந்தது. வருகிறவர்களுக்கு மாட்டிவிடுவது, வாரை இழுத்துக் கட்டுவது, திரும்பி வந்ததும் கழற்றி வாங்கி உப்புப் போகக் கழுவிக் காயப்போடுவது. படகு ஓட்டுவது ஆம்பளை வேலை, ஜாக்கெட் துவைப்பது பொம்பளை வேலை என்று சுற்றுலாச் சவாரி தொடங்கிய நாளிலேயே யாரோ பிரித்துவிட்டார்கள். எனக்கும் அதில் ஒரு லாபம் இருந்தது. வாரை இழுக்கும்போது ஆளின் முகத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். யார் தைரியசாலி, யார் தைரியசாலியாக நடிக்கிறவர், யார் வீட்டுக்காரரின் நச்சரிப்புக்காக ஏறுகிறவள் என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

நான் பிறந்தது மணவாள நகரில். அங்கே தண்ணீர் என்றால் குழாயில் வருவது, அதுவும் வந்தால். கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது பக்கத்து மிஷினில் நின்றவரைக் கட்டிக்கொண்டு பழவேற்காடு ஏரியோரக் குப்பத்துக்கு வந்தேன். அவர் மீனவக் குடும்பம்தான், ஆனால் ஷிப்டுக்குப் போவதையே விரும்பினார். படகு அவருடைய தம்பியிடம் போனது. எங்கள் வீட்டிலேயே என் கையால் சாப்பிட்டு ஆளானவன் என் கொழுந்தன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையிலிருந்தும் கும்மிடிப்பூண்டிப் பக்கத்துத் தொழிற்சாலைகளிலிருந்தும் ஜனம் வரும். படகில் ஏறி ஏரியைக் கடந்து, ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் வரை போய், மணல் திட்டில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு திரும்புவார்கள். அனுமதி உண்டா என்று என்னைக் கேட்காதீர்கள். அது வரும், போகும், மறுபடி வரும். சவாரி மட்டும் நடந்துகொண்டே இருக்கும்.

எந்தப் படகு போவது என்பதற்கு முறை உண்டு. ஏரியில் வலை போடுகிறவர்கள் அதைப் பாடு என்பார்கள். இன்று இந்தத் தண்ணீர் உன்னுடையது, நாளை அவனுடையது. உன் பாட்டில் போவதும் போகாததும் உன் இஷ்டம். வேண்டாமென்றால் அடுத்த படகின் மூக்கில் ஒரு தட்டு தட்டிவிட்டு நகர்ந்துவிட வேண்டும், பாடு அவனுக்குப் போய்விடும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, சொல்லவும் கூடாது. கரையில் நின்று காற்று சரியில்லை, அலை சரியில்லை என்று வாயால் சொன்னால் அது பலித்துவிடுமாம். அதனால் காற்று கெட்ட நாளில் எல்லோருக்கும் இடுப்பு வலிக்கும், என்ஜின் சூடாகும், மாமனார் வீட்டில் விசேஷம் வரும்.

வலைக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஒருவன் போகாவிட்டால் இன்னொருவன் மீன் பிடிக்கட்டும். போகிறவன் தன் உயிரைத்தான் எடுத்துக்கொண்டு போகிறான். சவாரி வந்தபோது அதே பாடு முறையை அப்படியே தூக்கிப் படகுத்துறையில் வைத்துவிட்டார்கள். எத்தனை பேர் வேண்டாம் என்றாலும் இந்த முறையில் படகு நிற்காது. யாராவது ஒருத்தன் சரி என்றால் போதும், கிளம்பிவிடும். ஓட்டுகிறவன்தான் மாறிக்கொண்டே போவான், ஏறுகிற ஜனம் அதே ஜனம். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கு இது உறைத்தது.

ஐப்பசி முடியப் போகிற சமயம். காலையில் துறைக்குப் போனபோதே ஏரி எனக்குப் பிடிக்கவில்லை. வழக்கமாகப் பச்சையும் சாம்பலுமாக இருக்கும், அன்று ஈயம் பூசின பாத்திரத்தின் உட்புறம் மாதிரி இருந்தது. வடக்கிலிருந்து வாடைக் காற்று விட்டு விட்டு அடித்தது. ஒரே சீராக அடிக்கிற காற்றைக்கூட நம்பலாம், நின்று நின்று அடிப்பதை நம்பக்கூடாது. போதாக்குறைக்கு அது ஏரி கடல் பக்கம் வடிகிற நேரம். உள்ளேயிருந்து தண்ணீர் வெளியே தள்ளும், வெளியேயிருந்து காற்றில் கிளம்பின கடல் உள்ளே தள்ளும், முகத்துவாரத்தில் இரண்டும் முட்டிக்கொண்டு அலை நெட்டுக்குத்தாக எழும்பும். துறையிலிருந்து பார்க்க அது தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு. மற்ற நாட்களில் அந்தக் கோடு தோன்றித் தோன்றி மறையும். அன்று மறையவே இல்லை. பறவைகள்கூடத் தண்ணீரை விட்டுவிட்டு மணலோடு மணலாக உட்கார்ந்திருந்தன.

வேன் வந்து நின்றது. கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலையில் வேலை செய்கிறவர்கள், குடும்பத்தோடு. புதுவாயலில் நாஷ்டா முடித்துக்கொண்டு, பாட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். கூட்டி வந்தவர் அவர்களுடைய மேஸ்திரி, கறுப்புக் கண்ணாடி போட்டவர். அவர்கள் எல்லோருக்கும் ஒரே நாளில் லீவு கிடைப்பது அபூர்வம், அதை எப்படியாவது சந்தோஷமாக முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் நடையிலேயே தெரிந்தது. என் கொழுந்தன் வார நாட்களில் அதே ஆலைக்குத்தான் கான்ட்ராக்ட் வேலைக்குப் போவான். அவனைப் பார்த்ததும் சிலர் கை தட்டினார்கள்.

அன்றைய பாடு ஒரு பெரியவருடையது. துறையிலேயே நல்ல படகு அவருடையது. ஏரியைப் பார்த்தார், டீயை நிதானமாகக் குடித்து முடித்தார், "இடுப்பு புடிச்சிக்கினு கீதுப்பா" என்று சொல்லி அடுத்த படகின் மூக்கில் தட்டிவிட்டுப் போனார். அடுத்தவன் என்ஜின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மூடினான். அவனும் ஒரு தட்டு. அதற்கடுத்தவனுக்கு போன் வந்ததாம், காதில் வைத்தபடியே தட்டிவிட்டு நகர்ந்தான்.

மேஸ்திரிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாய்யா, ஆளாளுக்கு டபாய்க்கிறீங்க? வண்டி வச்சிக்கினு வந்துகிறோம். ஓட்டறதுக்கு ஒருத்தனுக்கும் மனசு இல்லியா?"

அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஏரி தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் கண் முன்னாலேயே போகாதே, போகாதே என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் காதில் அது இடுப்பு வலி என்று விழுந்தது, அவ்வளவுதான். எனக்கு மற்றவர்கள் மேல்தான் எரிச்சல். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்னவாம்?

ஜாக்கெட் மாட்டிக்கொண்டே அந்தத் தட்டு வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல படகிலிருந்து சுமாரான படகுக்கு, கை தேர்ந்தவனிடமிருந்து அரைகுறையிடம், வரிசை வழியாக இறங்கி வந்தது. வரிசையின் கடைசியில் நின்றது எங்கள் படகு. போன வருஷம்தான் கெஞ்சிக் கூத்தாடி அந்த இடத்தை வாங்கியிருந்தோம்.

கைக்குழந்தையோடு ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றாள். "அக்கா, போட்டு ரொம்ப ஆடுமா?" என்று கேட்டாள். குழந்தைக்குப் பொருந்துகிற ஜாக்கெட் எங்களிடம் கிடையாது, அதை மட்டும் சொன்னேன். "பரவால்லக்கா, நான் இறுக்கிப் புடிச்சிக்கினு குந்திக்கிறேன்" என்று சிரித்தாள். அவளுடைய வாரை இன்னொரு பிடி இறுக்கினேன்.

தட்டு எங்கள் படகுக்கு வந்துவிட்டது. கொழுந்தன் என்ஜின் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தான். வலை வீசுவதில் கெட்டிக்காரன், ஆளை ஏற்றிப் பழக்கம் குறைவு. மீன் மாதிரி நீந்துவான், அதுவே எனக்குப் பயம். படகு கவிழ்ந்தால் தன்னைப் பார்த்துக்கொண்டு கரையேறுகிற ரகம் இல்லை. கடைசி ஆளை எடுக்கிற வரைக்கும் தண்ணீரிலேயே கிடப்பான்.

"வேணாம்டா" என்றேன் மெதுவாக.

"கடைசி போட்டு நானு. நான் யாரத் தட்றது அண்ணி? எனக்கப்பால தண்ணிதான் கீது."

"தட்டாத. முடியாதுன்னு சொல்லு."

"அத்த எப்புடி சொல்றது? எல்லாம் எங்கூட நிக்கறவனுங்க. நாளைக்கு அவனுங்க மூஞ்சிலதான முழிக்கணும்? ஓரமா இட்டுக்கினு போய்ட்டு வந்துட்றேன்."

"ஓரமா போனா ஒத்துப்பாங்களா? முகத்துவாரம் போன்னு உசுர எடுப்பாங்க."

விசில் அடிக்க ஆரம்பித்தான். பயம் வந்தால் அவன் விசில் அடிப்பான், இது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். வரிசையில் கடைசி ஆள் மறுத்ததாக அதுவரை யாரும் பார்த்ததில்லை. கடைசி ஆள் மறுப்பதற்கென்று ஒரு வழியை யாரும் வைத்திருக்கவும் இல்லை.

ஏறினார்கள். ஏறும்போதே எல்லோரும் ஒரே பக்கம் சாய்ந்து படம் எடுத்தார்கள், படகு கரையிலேயே அந்தப் பக்கம் முங்கிக் காட்டியது. குழந்தைக்காரி நடுப்பலகையில் உட்கார இடம் தேடிக்கொண்டிருந்தாள்.

எங்கள் கரையில் இன்னொரு பழக்கம் உண்டு. தள்ளிவிட்ட படகைப் பின்னாலிருந்து கூப்பிடக்கூடாது, எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. கேட்டுவிட்டால் அந்தப் படகு அன்று போகாது, அந்தக் கரையிலிருந்து வேறு படகும் கிளம்பாது. நான் இதை எத்தனையோ தரம் கேலி செய்திருக்கிறேன். மணவாள நகரில் ரயிலுக்கு ஓடுகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடாத அம்மா உண்டா? டிபன் பாக்ஸை மறந்துவிட்டுத்தானே ஓடுவான். அதற்காக ரயில் நின்றா போகிறது?

அந்த நிமிஷத்தில் இதையெல்லாம் யோசித்தேன் என்றால் பொய். இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று படகைத் தள்ளினார்கள். அடிப்பலகை மணலை விட்டது. அப்போது காற்று ஒரு கணம் நின்றது, முகத்துவாரத்தின் இரைச்சல் துறை வரைக்கும் கேட்டது. நான் கத்தினேன்.

"டேய்! எங்கடா போற?"

தள்ளிய கைகள் தீப்பட்டது போல விலகின. கொழுந்தன் திரும்பிப் பார்த்தான். அந்த முகத்தில் முதலில் வந்தது என்ன என்று எனக்குப் புரியவில்லை, அவ்வளவு சீக்கிரம் மறைந்துவிட்டது. அடுத்து வந்தது வெறுப்பு. அது நன்றாகவே புரிந்தது. என்ஜினை மேலே தூக்கி வைத்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் குதித்து, படகை அவனே கரைக்கு இழுத்தான்.

மேஸ்திரி கத்தினார். ஒரு பொம்பளை கத்தியதற்குப் படகு நிற்குமா என்று கேட்டார். ஜனம் இறங்கி ஜாக்கெட்டுகளை மணலில் கழற்றிப் போட்டுவிட்டுப் போனது. ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டே வேனில் ஏறினாள். குழந்தைக்காரி மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள், என்ன நினைத்தாளோ.

வானம் என் மானத்தைக் காப்பாற்றவில்லை. கொஞ்ச நேரம் ஏரி கறுத்தது, ஒரு மழை சாய்த்து அடித்தது, அப்புறம் வெளுத்துவிட்டது. அந்த மழைக்குள்ளிருந்து ஒரு சின்ன மீன்பிடி வல்லம் முகத்துவாரத்தைத் தாண்டி வந்து சேர்ந்தது. அதிலிருந்த இரண்டு பேரும் நனைந்து போய்ச் சிரித்துக்கொண்டு இறங்கினார்கள். "தோ, வல்லமே வந்துடுச்சு" என்றான் ஒருவன் என்னைப் பார்த்து. அந்த இரண்டு பேர் அலை அடிக்கும்போது குனிந்து உட்காரத் தெரிந்தவர்கள். சவாரிக்கு வருகிறவர்கள் அலை அடித்தால் அலறிக்கொண்டு எழுந்து ஒரே பக்கம் ஓடுவார்கள். இதைச் சொன்னேன், யார் கேட்டார்கள்?

மறுநாள் படகுக்காரர்கள் கூடிப் பேசினார்கள். கூப்பிடாமலேயே போனேன். சவாரிக்குப் பாடு வேண்டாம், யாராவது ஒருத்தர் வேண்டாம் என்றால் எல்லாப் படகும் நிற்க வேண்டும் என்று வையுங்கள் என்றேன். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குப் புரிந்தது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனாலும் அவர் சொன்னது இதுதான்: "ஒருத்தன் பாட்டுல இன்னொருத்தன் வாய வெச்சா அப்பால ஊரே இருக்காதும்மா." ஜாக்கெட் வேலையை வேறு ஒருத்தியிடம் கொடுத்தார்கள். என் கொழுந்தனைப் பார்த்து, உன் அண்ணியை நீ அடக்கி வை, இன்னொரு தரம் கூப்பிட்டால் வரிசையில் உன் படகு கிடையாது என்றார்கள்.

என் வீட்டுக்காரர் ஷிப்டு முடிந்து வந்து எல்லாவற்றையும் கேட்டார். "நீ பண்ணது தப்புன்னு சொல்லல. கத்துனதுதான் தப்பு" என்றார். இதற்கு என்ன அர்த்தம் என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கொழுந்தன் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டான். சோறு போட்டால் சாப்பிடுவான், முகம் பார்க்கமாட்டான். துறையில் இன்னொரு மாற்றமும் வந்தது, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. யாருக்கும் இடுப்பு வலிப்பதில்லை. கடைசிப் படகுக்காரனே அன்று கிளம்பினானே, நாம் தட்டிவிட்டால் சிரிக்கமாட்டார்களா என்ற ரோஷம். வாடை அடித்தாலும், ஏரி வடிந்தாலும், யாருடைய பாடோ அவன் போனான். ஒவ்வொரு தரமும் திரும்பி வந்தார்கள். திரும்பி வர வர, வேண்டாம் என்ற வார்த்தை கரையில் செத்துக்கொண்டிருந்தது.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அவனாக வந்து அடுக்களை வாசலில் நின்றான். "நாளைக்கு என் பாடு. நீ கரப் பக்கம் வராத அண்ணி" என்றான். அத்தனை நாளைக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு. சரி என்றேன்.

மறுநாள் காலையில் கூரைத் தகரம் நிற்காமல் அடித்துக்கொண்டது. காற்று வடக்கிலிருந்துதான். நான் பாத்திரத்தைத் தேய்த்ததையே தேய்த்துக்கொண்டு வீட்டில் இருந்தேன். அப்போது ஒரு வேன் எங்கள் தெருவுக்குள் வழி தவறி வந்து நின்றது. ஜன்னல் முழுக்கப் பிள்ளைகள்.

"யக்கா, போட்டிங் எந்தப் பக்கம்?" என்று கேட்டார் டிரைவர்.

"இன்னிக்கு போட்டு இல்ல. காத்து சரியில்ல, ஆபத்து. திரும்பிப் போய்டுங்க" என்றேன். கரையில் சொல்லக்கூடாத வார்த்தைகளை எல்லாம் என் வீட்டு வாசலில் நின்று சத்தமாகச் சொன்னேன்.

டிரைவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, சவாரிக்குப் பேசி வைத்த நம்பருக்கு போன் போட்டார். எல்லோருக்கும் கேட்கும்படி வைத்திருந்தார். "இங்க ஒரு அம்மா போட்டு இல்லன்றாங்களே?"

எதிர்ப்பக்கம் காற்று இரைவது கேட்டது. அப்புறம் என் கொழுந்தனின் குரல் வந்தது. "அது ஒண்ணுமில்ல சார். நேரா வந்து லெப்ட் திரும்புங்க. போட்டு ரெடியா கீது."

பிள்ளைகள் எனக்குக் கை காட்டிக்கொண்டே போனார்கள். நானும் காட்டினேன், வேறென்ன செய்வது.

நான் கும்பிடாத சாமி இல்லை அன்று. பொழுது சாயும் நேரத்தில் அவன் வந்தான். தலையிலிருந்து கால் வரை ஈரம். துண்டு கொடுத்தேன், துடைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். முகத்துவாரத்தில் ஒரு அலை உள்ளே விழுந்ததாம். எல்லோரும் எழுந்து ஒரு பக்கமாக ஓடினார்களாம். படகு சாய்ந்து, ஓரம் வழியாகத் தண்ணீர் கொட்டியதாம். குந்துங்க குந்துங்க என்று இவன் தொண்டை கிழியக் கத்த, எப்படியோ நிமிர்ந்துகொண்டதாம். ஒரு பையும் சில செருப்புகளும்தான் போயின. கரைக்கு வந்ததும் ஜனம் கை தட்டியதாம், இவ்வளவு ஜாலியாக எங்கேயுமே போனதில்லை என்று இவன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்களாம்.

"வரிசையில மத்தவங்ககிட்ட இத்த சொன்னியா?"

"இல்ல."

சட்டை முனையைப் பிழிந்தான். பிறகு, "படகத் தள்றப்போ திரும்பிப் பாத்தேன் அண்ணி. நீ வந்து நின்னுக்கினு இருப்பன்னு நெனச்சேன்" என்றான்.

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. அவனை இழுத்து ஒரு அறை விட்டிருப்பேன், கட்டிக்கொண்டும் இருப்பேன். இரண்டில் எது என்று முடிவு செய்வதற்குள் அவன் போன் அடித்தது. "எடுக்காதடா" என்றேன். அவன் என்னைப் பார்த்தான், போனைப் பார்த்தான். அது அடித்துக்கொண்டே இருந்தது.

எடுத்துக் காதில் வைத்தான். "சொல்லுங்க சார்" என்றான். அந்தப் பக்கம் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, "வாங்க சார், ஞாயித்துக்கெழமதான, போலாம்" என்றான்.